வெயில் ஊரில் குழந்தைகளோடு ஒரு ரவுண்டு: கே.கே. நகரிலிருந்து கிளம்பலாமா?

மதுரையில் பள்ளிக்கூட லீவும் அக்னி நட்சத்திரமும் கைகோத்துக்கொண்டுதான் வரும். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை ஊர் இதமாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு, டியூஷன். ஏப்ரல் கடைசியில் புத்தகப் பையை மூலையில் வீசிவிட்டு அவர்கள் நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே தார் ரோட்டில் கானல் நெளிந்துகொண்டிருக்கும்.

கொடைக்கானலுக்கு நாலு நாள் போய் வரலாம். மீதி நாற்பது நாளை என்ன செய்வது?

கே.கே. நகர் அபார்ட்மென்ட்களிலும் தனி வீடுகளிலும் மே மாதத்தில் இரண்டு வகைக் குடும்பங்களைப் பார்க்கலாம். முதல் வகை, வாசலையே தாண்டாத குடும்பம். ஜன்னல் திரை, ஏசி, கையில் செல்போன். "வெயில் தாழட்டும்டா, போலாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். வெயில் தாழும்போது இருட்டியிருக்கும்; அப்பா வந்து சேர்ந்திருக்க மாட்டார். இரண்டாம் வகை, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக எழுந்து, பூரி கிழங்கு சாப்பிட்டு, பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு கிளம்பும் குடும்பம். பன்னிரண்டரைக்குப் பிள்ளை முகம் சிவந்து, அழுது, சாப்பிட்டதை வாந்தி எடுத்திருக்கும். "இனிமே இவனை எங்கயும் கூட்டிட்டு வரவே கூடாது" என்று தீர்ப்பாகிவிடும். பாவம், அவன் பதினோரு மணிக்குப் போகலாம் என்று கேட்கவே இல்லை.

வெயில் இப்போது வெறும் அசௌகரியமாக இல்லை. 2023இல் ஜூன் 1 அன்று திறக்க வேண்டிய பள்ளிகளை, வெப்பம் தணியாததால் தமிழக அரசு ஜூன் 12க்குத் தள்ளியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சிறுவர்களுக்கு ஜூன் 14. 2024இலும் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. வெப்பத் தாக்கத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்காகக் குழந்தைகளை ஆறு வாரம் அறைக்குள் பூட்டி வைக்க முடியாது. ஓடாத, வியர்க்காத, மண்ணைத் தொடாத ஒரு கோடை அவர்களுக்கு ஒருவகைத் தண்டனைதான். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. இந்த ஊர் வெயிலோடு பல நூறு வருஷம் குடித்தனம் நடத்திய ஊர். எங்கே போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

காலை ஐந்தரை: வண்டியூர் கண்மாய்

கே.கே. நகரின் பெரிய சொத்து அதன் கிழக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வண்டியூர் கண்மாய். 'லேக் வியூ ரோடு' என்று இங்கே ஒரு சாலைக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாலையில் தினமும் ஸ்கூல் வேனில் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்மாயை நின்று பார்த்திருப்பார்கள் என்று கேட்டால், பதில் கொஞ்சம் சங்கடமானது.

ஐந்தரை மணிக்குக் கரைப் பக்கம் வந்தால் காற்றில் இன்னும் இரவின் ஈரம் மிச்சமிருக்கும். நடைப்பயிற்சிக்காரர்கள் கையை வீசி வேகமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். குழந்தையோடு வருபவர்கள் அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பது நல்லது, ஏனென்றால் குழந்தைகள் நடக்க வருவதில்லை, நிற்கத்தான் வருகிறார்கள். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். நாமக்கோழி நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு மிதக்கும். முக்குளிப்பான் இங்கே மூழ்கி அங்கே எழும். அது எங்கே எழும் என்று பந்தயம் கட்டினால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

"தாத்தா, அது முங்கிருச்சு!"

"பொறு, மூச்சுவிட மேல வரும். எந்தப் பக்கம் வரும்னு சொல்லு பாப்போம்."

இந்த உரையாடலுக்கு டிக்கெட் கிடையாது. பறவைப் பெயர் தாத்தாவுக்கே தெரியாவிட்டாலும் குற்றமில்லை. ஒரு நோட்டில் பேரன் அதன் கொண்டையையும் காலையும் வரைந்து வைத்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம். மத்தியானத்துக்கு ஒரு வேலை ஆயிற்று.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் போனாலும் ஏமாற்றமில்லை. வெடித்த சேற்றில் பறவைக் கால்தடங்கள் இருக்கும். கரை எது, மடை எது, கலுங்கு எது என்று காட்டலாம். மடை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். நிரம்பி வழிந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாய் குடித்த மிச்சத்தை அடுத்தது குடிக்கும் அந்தச் சங்கிலியால்தான் மழை குறைந்த இந்தச் சமவெளியில் நெல் விளைந்தது. நகரம் பெருத்தபோது பல கண்ணிகள் அறுந்தன. உயர் நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்ட இடமான உலகனேரி, பெயரிலேயே ஏரியை வைத்திருக்கிறது. தல்லாகுளம், பீபிகுளம் என்று டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கூவும்போது, "குளம் எங்கப்பா?" என்று குழந்தை கேட்டால் அப்பா தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கணக்கில் வண்டியூர் கண்மாய் இன்னும் கண்மாயாக இருப்பது கே.கே. நகருக்குப் பெரிய பேறு. அது தண்ணீரும் பச்சையுமாக இருக்கும்வரை அக்கம்பக்கத்துக்கு மாலையில் கொஞ்சமாவது குளுமை கிடைக்கும்.

ஏழரை, எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதிகாலையில் தெருநாய்கள் கூட்டமாக இருக்கும் இடங்களில் சின்னப் பிள்ளையின் கையை விடக் கூடாது. கரைச் சரிவில் இறங்க விடக் கூடாது. கண்மாய்த் தண்ணீர் அமைதியாகத் தெரியும், அடியில் சேறும் பள்ளமும் இருக்கும். கோடை லீவில் கண்மாயிலும் கிணற்றிலும் குளிக்கப் போன பிள்ளைகள் பற்றிய செய்தி வராத வருஷம் இல்லை. தண்ணீரில் ஆடத்தான் ஆசை என்றால், ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. ஒரு கோடையில் நீச்சல் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது ஆயுசுக்கும் கூட வரும்.

ஏன் பெரியவர்கள் தாங்குவதைக் குழந்தை தாங்காது?

"நாங்கள்லாம் அந்தக் காலத்துல வெயில்லயே கெடந்தோம்" என்று அப்பத்தா சொல்வது உண்மைதான். அந்தக் காலத்தில் புளியமர நிழல் இருந்தது, மண் ரோடு இருந்தது, மத்தியானம் திண்ணையில் படுத்துத் தூங்கும் வழக்கமும் இருந்தது. கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும் தெருக்கள் இப்போதையவை.

குழந்தையின் உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆகவே வெளியே இருக்கும் சூடு வேகமாக உள்ளே ஏறும். வியர்வையும் குறைவாகவே சுரக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதே அதற்குத் தெரியாது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "வேணாம்" என்றுதான் வரும். கேட்காமல், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு மடக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தை மட்டும் விதிவிலக்கு. கோடையிலும் அதற்குத் தண்ணீர் வேண்டியதில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். இதில் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சிறு வாக்குவாதம் வரும், பரவாயில்லை.

துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் மடியில் வந்து உட்கார்ந்தால் அதைச் சமர்த்து என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலி, குமட்டல், சிடுசிடுப்பு, வெகுநேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, போனால் அடர் மஞ்சளாகப் போவது — இவை முதல் மணிகள். உடனே நிழல், தளர்ந்த துணி, ஈரத் துண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். டம்ளரில் கால் பாக்கெட் என்று கைக்கணக்கு கூடாது. உடம்பு நெருப்பாகக் கொதித்து, பிள்ளை உளறினாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும்.

பயணத்திலும் கவனம் வேண்டும். நிழலில் நிறுத்திய கார்தானே, இரண்டே நிமிஷம்தானே என்று தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குள் போவது ஆபத்து. மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போகும் பிள்ளைக்கு அனல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரு சக்கர வாகனத்தில் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட்டும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மதுரையில் இதை யார் பின்பற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள். நீங்கள் பின்பற்றலாம்.

மத்தியானம்: புத்தகமும் மியூசியமும்

பதினொன்றிலிருந்து நாலு வரை வெளி என்பதை மறந்துவிடுவது உத்தமம். வீட்டிலேயே இருந்தாலும் சரி. வெளியே போயே ஆக வேண்டும் என்றால், கூரையுள்ள இடமாக இருக்கட்டும்.

கே.கே. நகரிலிருந்து பக்கம், புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது; 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகள் தரையில் சாய்ந்து படக்கதை படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், கோடை மத்தியானத்துக்கென்றே கட்டியது போலிருக்கும். செல்போனைப் பிடுங்காமலே கீழே வைக்கச் செய்யும் இடங்கள் ஊரில் அதிகம் இல்லை, இது ஒன்று.

இன்னொன்று காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த வேட்டித் துணி இங்கே இருக்கிறது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதன் முன் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். சின்னதுகளுக்கு அந்த அரண்மனையின் தடித்த சுவர்களும் வளாகத்து மரங்களும் போதும். தடித்த சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே கொதிக்கும்போது அது ஏன் சில்லென்று இருக்கிறது என்ற கேள்வி தானாக வரும்.

மத்தியான வெயிலைக் கண்டு ஒதுங்குவது சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால், துபாயில் இருக்கும் மாமாவுக்கு போன் போட்டுக் கேட்கலாம். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கவே தடை. 2023இல் இரவு நீச்சலுக்கென்றே விளக்கு போட்ட கடற்கரைகளைத் திறந்தார்கள். பிள்ளைகளோடு ராத்திரி பத்து மணிக்குப் பார்க்கில் இருப்பது அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சாதாரணம்.

சாமிக்கே கோடையில் மாலை உலா

மதுரை இதைத் துபாய்க்கு முன்னாலேயே செய்துவிட்டது. மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்று இன்னொரு பெயர் உண்டு. திருமலை நாயக்கர் கட்டியது. வைகாசி வசந்த உற்சவத்துக்கு அம்மனும் சுவாமியும் மாலையில் இங்கே எழுந்தருள்வார்கள். மண்டபத்தைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் தண்ணீரை நிரப்பினால் அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து உள்ளே வரும். மின்சாரமில்லாத ஏர் கூலர்! அந்தக் கடைசி வரியைச் சொன்னால் எந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கட்டடக்கலை பிடித்துவிடும். தையல் மிஷின் சத்தமும் புத்தகக் கடைகளுமாக இருந்த மண்டபம் இது. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு தூண்களில் இருக்கும் சிற்பங்கள் மூச்சு விடுகின்றன.

சித்திரை நிலவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அவர்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, அதுவும் இந்த வெயில் கணக்குதான். தோப்பரை என்ற ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, கைவிசையில் பீய்ச்சுவார்கள். குழந்தைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் இருக்க முடியாது. ஆனால் ஆற்றில் இறங்கும் அந்த விடியற்காலைக் கூட்டத்துக்குள் கைப்பிள்ளையோடு போவது வேண்டாத வீரம். 2022இல் அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். எதிர்சேவையன்று தல்லாகுளம் பக்கமோ, அடுத்தடுத்த நாட்களில் மண்டகப்படிகளிலோ சற்று நிதானமாக அழகரைப் பார்க்கலாம். ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தல்களில் மோர், பானகம், தர்பூசணி என்று வழியெல்லாம் வாங்கிக் குடித்துக்கொண்டே போகலாம். முன்பின் தெரியாத ஒருவர் டம்ளரை நீட்டி "குடி ராசா" என்று சொல்வதைக் குழந்தை பார்ப்பதும் ஊர் சுற்றுவதில் ஒரு பகுதி.

ஐந்து மணிக்கு மேல்

பூங்காவுக்கு நாலு மணிக்கே போய் நிற்பவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். சறுக்குப் பலகையில் உள்ளங்கையை வைத்து ஐந்து வரை எண்ணுங்கள். கை தாங்காவிட்டால் பிள்ளையின் தொடையும் தாங்காது. இரும்பு என்றால் ஜாக்கிரதையாக இருப்போம். பிளாஸ்டிக் சறுக்கும் கீழே விரித்த ரப்பர் பாயும் அதே அளவு சுடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐந்தரைக்கு மேல் ராஜாஜி சிறுவர் பூங்கா, மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய எக்கோ பார்க், கே.கே. நகர் சுந்தரம் பார்க் எல்லாம் உயிர் பெறும். கூடவே கொசுவும். முழுக்கால் பருத்திச் சட்டை இரண்டுக்கும் மருந்து.

பார்க் அலுத்துவிட்டால் வைகைப் பாலத்தைத் தாண்டி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645இல் உருவாக்கியது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் அடி. மகால் கட்ட இங்கே மண் எடுத்தார்கள், தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்பது ஊர் வழக்கு. பள்ளத்தைப் பள்ளமாகவே விடாமல் குளமாக்கிய புத்தியைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். வருஷக்கணக்கில் வறண்டு, மைய மண்டபத்தைச் சுற்றிக் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்த குளம் இது. வைகைத் தண்ணீர் மறுபடி வரத் தொடங்கிய பிறகு அதன் மாலையே மாறிவிட்டது. தண்ணீரின் மேல் தவழ்ந்து வரும் காற்றுக்காகவே கற்சுவரில் வரிசையாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். சுண்டல், மாங்காய்க் கீற்று, பஜ்ஜி வாசனை, பலூன்காரரின் பீப்பி. எட்டு மணிக்கு மைய மண்டப விளக்குகள் தண்ணீரில் ஆடும்போது, மூன்று வயது மகள் அப்பாவின் தோளில் தூங்கியிருப்பாள்.

குடிக்க என்ன? ஜிகர்தண்டா இல்லாமல் மதுரையில் ஊர் சுற்றுவதா என்பீர்கள். பாதாம் பிசின், நன்னாரி, சுண்டிய பால், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்த அது ஒரு இனிப்புப் பலகாரம், தாகத்துக்கு ஆகாது. முதலில் தண்ணீரோ மோரோ, அப்புறம் ஜிகர்தண்டா, அதுவும் இரண்டு பிள்ளைக்கு ஒரு கிளாஸ். வண்டியில் சூடாக விற்கும் பருத்திப்பாலையும் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். பருத்தி விதையை அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது. சட்டையும் பருத்தி, பாலும் பருத்தி என்பதை ஆறு வயதுக்காரர்கள் லேசில் நம்ப மாட்டார்கள்.

ஊரைத் தாண்டி

மாதத்துக்கு ஒன்றிரண்டு தூரப் பயணமும் வைத்துக்கொள்ளலாம். இருட்டோடு கிளம்பினால்தான் அது பயணம், இல்லையென்றால் தீமிதி. மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகள் வெறும் பாறை. ஒன்பது மணிக்கு மேல் அதில் வெறுங்காலோடு ஏறிய பிள்ளை, அடுத்த பத்து வருஷத்துக்கு மலை என்றாலே ஓடும்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் சூரியன் எழும்போது போய்ச் சேர வேண்டும். அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். ஏற முடியாத பாட்டி ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம், பிள்ளைகள் படியேறி ஆயிரம் வருஷத்துக்கு மேலான தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வரலாம். இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க அந்த ஆலமரத்தடியைவிட நல்ல ஓட்டல் கிடையாது. இலையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்துக்கொண்டு வரவும்.

கே.கே. நகர்வாசிகளுக்கு இன்னும் பக்கம், ஒத்தக்கடை யானைமலை. மாட்டுத்தாவணியைத் தாண்டிய உடனே ஒரு யானை படுத்திருப்பதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பின்சீட்டில் சண்டை தொடங்கும். துதிக்கை எது, தலை எது என்பது முடியாத வழக்கு.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், 250 வகைப் பறவைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். இங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டு நின்றன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் அந்தக் குன்று அங்கே இருப்பதற்கு, அந்த ஊர்க்காரர்கள் வெயிலில் நடந்த நடையும் ஒரு காரணம்.

நிழலே வேண்டும் என்பவர்களுக்கு அழகர் கோயில். மரம் அடர்ந்த மலைப்பாதை, மேலே பழமுதிர்சோலை, நூபுர கங்கை. குரங்குகளிடம் பையைப் பறிகொடுக்காமல் இருந்தால், கீழே பிரசாதக் கடையில் மொறுமொறுவென்று அழகர் கோயில் தோசை.

கீழடியை மட்டும் இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் இருக்கும் அகழாய்வுக் குழிகளை வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு, பிறகு மியூசியத்துக்குள் நுழைய வேண்டும். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு பாணியில் முற்றமும் தாழ்வாரமுமாக இருக்கிறது. பெரியவர்கள் பானை ஓட்டுத் தமிழி எழுத்துகளைத் தேடும்போது பிள்ளைகளை வேறு பெட்டிக்குக் கூட்டிப்போங்கள். சுடுமண் வட்டச் சில்லுகள், ஆட்டக் காய்கள், தந்தத்தில் செய்த பகடை. உடைந்த பானை ஓட்டை உரசி உரசி வட்டமாக்கிய சில்லு அது. நொண்டி ஆடும் பிள்ளைக்கு அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. இதே வைகைக்கரை, இதே வெயில். அந்தப் பிள்ளைகளையும் யாரோ "வெயில் தாழட்டும்" என்று பிடித்து நிறுத்தித்தான் இருப்பார்கள்.

கிளம்பும் முன் திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்வது நல்லது. பூட்டிய கேட்டின் முன் வெயிலில் நிற்கும் பிள்ளைக்குச் சமாதானம் சொல்வது கஷ்டம்.

வானத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாலைகளில் மேற்கே கருத்து, திடீரென்று கோடை மழை இறங்கும். மண்வாசனையில் பிள்ளைகள் குதிப்பார்கள். குதிக்கட்டும், வீட்டு வாசலில். இடி இடித்தால் கண்மாய்க் கரை, மொட்டைப் பாறை, தனி மரத்தடி மூன்றும் ஆகாது.

எங்கேயும் போக முடியாத மாலைகளுக்கு நுங்கு இருக்கிறது. ரோட்டோரத்தில் பனங்காய்க் குலையைக் குவித்து வைத்துச் சீவித் தருபவரிடம் நுங்கைச் சாப்பிட்டபின், காலிக் கூந்தலில் உருண்டையானதாக இரண்டைக் கேட்டு வாங்கி வரலாம். காசு கேட்க மாட்டார். இரண்டையும் ஒரு குச்சியில் கோத்தால் அச்சும் சக்கரமும் ஆயிற்று. நுனியில் கவட்டை உள்ள நீளக் குச்சி ஒன்று, தள்ளுவதற்கு. தாத்தாக்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும்; குச்சி நடுவில் போகாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆறரை மணிக்கு லேக் ஏரியா குறுக்குத் தெருவில் இறக்கிவிட்டால், தெருவிளக்கு எரிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.